பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டைப் பார்ப்பது எப்படி: தண்ணீர் போன வழியே ஒரு நடை

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டுக்குள் முதன்முறை போகிறவர்கள், நிலைக்கதவைத் தாண்டியதும் அண்ணாந்து பார்ப்பார்கள். தேக்குத் தூண், தூண் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகை, வர்ணக் கண்ணாடி என்று கண் மேலேயே நிற்கும். முதலில் பார்க்க வேண்டியது கீழே இருக்கிறது. வளவு எனப்படும் உள்கட்டின் முற்றத்தில் கல் பாவிய தரையின் ஒரு மூலையில், மழைத்தண்ணீர் வெளியே போக ஒரு துளை விட்டிருப்பார்கள். அது திறந்திருக்கிறதா, சருகும் மண்ணும் அடைத்துக் கிடக்கிறதா? வீட்டில் என்ன மிஞ்சியிருக்கும், எது போயிருக்கும் என்பதில் பாதியை அந்தத் துளை சொல்லிவிடும். ஆள் இல்லாத வீட்டைக் காலம் கெடுப்பதைவிடத் தங்கிய தண்ணீர் கெடுப்பதே அதிகம். அதனால் இந்த வீடுகளைத் தண்ணீர் போகிற வரிசையில் பார்ப்பதே சரியான முறை. கூரை, கூடல்வாய், முற்றம், தூணின் அடி, சுவர், தரை. அதன் பிறகுதான் மற்ற அழகெல்லாம்.

இங்கே பேசுவது இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், அதாவது 1918க்கும் 1939க்கும் நடுவே எழுந்த வீடுகளைப் பற்றி. கானாடுகாத்தான் அரண்மனை அதற்கு முந்தியது, 1912. அதற்குப் பின் வந்த தலைமுறை வீடுகள் ஆத்தங்குடி, பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை, காரைக்குடித் தெருக்களில் வரிசையாக நிற்கின்றன. இவற்றுக்கான பணம் பெரும்பாலும் பர்மாவில் கொடுத்த கடனின் வட்டி. 1930இல் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப முடியாதவர்களின் நிலம், கடன் கொடுத்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) பெயருக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் விளைநிலத்தில் 6 சதவீதம் அவர்களிடம் இருந்தது. 1937இல் அது 25 சதவீதம். கையில் ரொக்கம் சுருங்கி, விற்க முடியாத நிலம் சேர்ந்த காலம். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள், 1948இல் அங்கே நில தேசியமயச் சட்டம் வந்தது. ஆண்டுதோறும் ஓடு மாற்றவும் சுண்ணாம்பு அடிக்கவும் வந்துகொண்டிருந்த பணம் அதோடு நின்றது. இத்தனை பெரிய வீடுகள் இத்தனை எண்ணிக்கையில் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் இதுவே.

வீட்டின் வயதைக் கண்டுபிடிக்க முகப்பின் உச்சியைப் பாருங்கள். கஜலட்சுமி சுதைக்குக் கீழே வீட்டு விலாசத்தின், அதாவது குடும்பப் பெயரின், முதலெழுத்துகளும், பல வீடுகளில் ஆண்டும் இருக்கும். ஆங்கில ஆண்டு இருந்தால் வேலை எளிது. தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் இந்தக் கணக்கு உதவும்: 1927 ஏப்ரலில் பிரபவ பிறந்தது. அடுத்து 1928 விபவ, 1929 சுக்கில, 1930 பிரமோதூத, 1931 பிரஜோற்பத்தி, 1932 ஆங்கீரச, 1933 ஸ்ரீமுக, 1934 பவ, 1935 யுவ, 1936 தாது, 1937 ஈஸ்வர, 1938 வெகுதானிய, 1939 பிரமாதி. ஒரு சிக்கல் உண்டு. அறுபது ஆண்டுக்கொரு முறை அதே பெயர் திரும்பும், ஆகவே ‘பிரபவ’ என்றால் 1867ஆகவும் இருக்கலாம். உள்ளே இரும்பு உத்திரமும் ஆத்தங்குடிக் கல் என்ற சிமென்ட் தரை ஓடும் இருந்தால் 1927 என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, முகப்பை மட்டும் பிற்பாடு இடித்துப் புதிதாகக் கட்டிய வீடுகள் நிறைய. முகப்பின் ஆண்டை வளவுக்கும் பொருத்திவிடக் கூடாது.

உள்ளே போவதற்கு முன்னால் அனுமதி. ஒரு வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் என்று நினைத்துப் போனால் தகராறில்தான் முடியும். வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளிக்கு (கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு) உரியவை, சாவியும் தனித்தனி. முகப்பும் வளவும் பொது. மூன்று தலைமுறையில் பங்காளிகள் முப்பது நாற்பது பேர் ஆகியிருப்பார்கள். ஒருவர் ‘போய்ப் பாருங்கள்’ என்று சொன்னது பொது இடத்துக்கும் அவருடைய அறைக்கும் மட்டுமே செல்லும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் எப்போதும் கூட இருக்கட்டும். எந்தப் படி ஆடும், எந்த அறையில் தேன்கூடு, எங்கே பாம்புச் சட்டை கிடந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பூட்டை உடைத்தோ சுவர் ஏறியோ போவது குற்றம். அப்படி ஒருவர் போய் வந்த பிறகு அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டுக் கதவும் யாருக்கும் திறக்காது.

எடுத்துப்போக வேண்டியவை அதிகமில்லை. கெட்டியான அடியுள்ள ஷூ, இரண்டு டார்ச், என்-95 முகமூடி, 30 மீட்டர் டேப், தூக்குக்குண்டு, கூர்மையான குத்தூசி, சின்னக் காந்தம், மென்மையான பிரஷ், கொஞ்சம் பஞ்சு, ஒரு சிறு புட்டி மெத்திலேட்டட் ஸ்பிரிட், நூலில் கட்டிய காகிதச் சீட்டுகள், நோட்டு, ஒரு கைத்தடி. முகமூடி வௌவால் எச்சத்துக்காக. காய்ந்த எச்சத்தின் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம், அதனால் அதை உலர்வாகப் பெருக்கவே கூடாது. தண்ணீர் தெளித்து, ஈரமாக வாரி எடுக்க வேண்டும். தடி பாம்புக்காக. அடித்துக் கொல்வதற்கல்ல, கால் வைப்பதற்கு முன் தரையில் தட்டி அதிர்வு கொடுப்பதற்கு. குவித்து வைத்த ஓட்டுக்கும் பலகைக்கும் அடியில் கட்டு விரியனும் சுருட்டை விரியனும் இருக்கும், கையை விடாதீர்கள். ஜன்னல் இல்லாத உள்ளறைகளைத் திறந்ததும் நுழைய வேண்டாம். அரை மணி நேரம் கதவைத் திறந்து வைத்துவிட்டு மற்ற இடங்களைப் பாருங்கள்.

காலை 9 மணியிலிருந்து 11 வரை நல்ல நேரம், முற்றத்தின் வழியே வெயில் சாய்வாக இறங்கும். மாதம் என்றால், ஐப்பசி கார்த்திகையில் பலத்த மழை பெய்த மறுநாள் ஒரு முறை, மாசியில் எல்லாம் காய்ந்த பிறகு ஒரு முறை. மழைக்கு மறுநாள் போனால் ஒழுக்கு எங்கே என்று தேட வேண்டியதில்லை, ஈரத் திட்டே காட்டிவிடும். மாடிக்கு ஏறுவதைக் காய்ந்த காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இறங்கும் வழி

வளவின் நாலு பக்கத் தாழ்வாரமும் உள்நோக்கிச் சாய்ந்த ஓட்டுக் கூரை. மழை முழுக்க முற்றத்துக்குள் விழும், அதை அண்டாக்களில் பிடித்து வைப்பார்கள். மிச்சம் கல் தரையின் வாட்டத்தில் ஓடித் துளை வழியே வெளியேறும். இரண்டு கூரைச் சரிவு சந்திக்கும் மூலைதான் கூடல்வாய். தாழ்வாரம் முழுதும் விழும் தண்ணீர் அந்த ஒரு கோட்டில் குவிகிறது. ஆள் இல்லாத வீட்டில் முதலில் கெடுவதும் அந்தக் கோடுதான். அடியில் இருக்கும் தகடு அரித்துப் போயிருக்கும், அல்லது சருகு அடைத்துத் தண்ணீர் ஓட்டுக்குக் கீழே புகும். ஆகவே முற்றத்தின் நாலு மூலையிலும் நின்று மேலே டார்ச் அடியுங்கள். ஓட்டைத் தாங்கும் கைமரத்தில் கறுப்புக் கறை, வெள்ளைப் பூஞ்சை, வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற இடத்துக் கைமரத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே புலப்படும்.

நாட்டு ஓட்டை இந்த வீடுகளில் பல அடுக்காக மேய்ந்திருப்பார்கள். வெயிலைத் தடுப்பது அந்தக் கனம்தான். ஆனால் நாட்டு ஓட்டைப் பிடித்து நிறுத்த ஆணி எதுவும் இல்லை, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தே நிற்கிறது. குரங்கும் பூனையும் நடந்து நகர்த்துவதைத் திருத்த, ஓடு பிரித்து மாற்றும் வேலை காலாகாலத்தில் நடக்க வேண்டும். அது நின்று பத்து ஆண்டு ஆனால் அரசமரக் கன்று முளைத்துவிடும். இரண்டிலைக் கன்றை மழை ஈரத்தில் கையால் வேரோடு பிடுங்கிவிடலாம். விரல் கனம் ஆனதை இழுத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும். சுவரை ஒட்டி வெட்டி, துளிர்க்கத் துளிர்க்கத் திரும்ப வெட்ட வேண்டும். வேர் சுவருக்குள் பருத்துவிட்டால் அந்தப் பகுதிச் செங்கல்லைப் பிரித்து, வேரை எடுத்து, சுண்ணாம்புச் சாந்தில் திருப்பிக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

மாடித் தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள அச்சுக்கல் என்ற மெல்லிய செங்கல்லைச் சாய்கோட்டில் நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். அதன்மேல் 3 அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த தளம். அதற்கும் மேலே தட்டு ஓடு. இந்தத் தளத்தில் உயிர்நிலை, உத்திரம் சுவருக்குள் புகும் முனை. நடுவில் பார்க்கும்போது உத்திரம் பளபளவென்று இருக்கும், சுவருக்குள் இருக்கும் 6 அங்குலம் மாவாகப் போயிருக்கும். குத்தூசியைச் சுவரை ஒட்டிய இடத்தில் அழுத்துங்கள். நல்ல தேக்கில் 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. அரை அங்குலம் சிரமமில்லாமல் இறங்கினால் அந்தத் தளத்தின் மேலே யாரும் ஏறக்கூடாது. முனை நன்றாக இருக்கும் தளத்திலும் சுவர் ஓரமாகவே நடக்க வேண்டும், அறை நடுவில் கூட்டமாக நிற்கக் கூடாது. மேலே ஒழுகுகிறது என்று சிமென்ட் தளம் போட்ட வீடுகளில் இன்னும் கவனம் தேவை. மரம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அசையும், சிமென்ட் அசையாது, விரிசல் விடும். விரிசலில் புகுந்த தண்ணீர் திரும்ப வெளியேற வழியின்றி உத்திரத்தின் மேலேயே நிற்கும். பாரமும் கூடிப்போயிருக்கும்.

இனித் தூண். முற்றத்துத் தூண் ஒன்றின் அடியில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். கருங்கல் பாதத்தின் மேல் தேக்கு நிற்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு இடைவெளி. துளை அடைத்து முற்றம் குளமான வீட்டில் அந்த இடைவெளிக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் மரம் கறுத்து, நீளவாட்டில் நார் நாராகப் பிரிந்திருக்கும். மரம் தன் வெட்டுவாயால் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொள்ளும், அதனால் கறை தண்ணீர் நின்ற மட்டத்தைவிட உயரமாகத் தெரியும். டார்ச்சின் பின்பக்கத்தால் அடியிலிருந்து மேலே தட்டிக்கொண்டே போங்கள். ‘பொத்’ என்று வந்த ஓசை ‘ணங்’ என்று மாறும் இடத்தை அளந்து எழுதுங்கள். அவ்வளவு உயரம்தான் கெட்டிருக்கிறது. அடி கெட்டதற்காகத் தூணையே மாற்ற வேண்டியதில்லை. முட்டுக் கொடுத்துத் தூக்கி, கெட்ட பகுதியை அறுத்து, பழைய தேக்கிலேயே ஒட்டுத் துண்டு சேர்க்கத் தெரிந்த தச்சர்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

கரையான் மண்கோடு தெரிந்தால் முழுவதையும் தட்டிவிடாதீர்கள். ஒரு அங்குலம் மட்டும் உடைத்து, தேதி எழுதி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் உயிருள்ள புற்று. காய்ந்தபடியே இருந்தால் பழைய கோடு. முற்றிய தேக்கின் வைரத்தை, அதாவது உள்மரத்தை, கரையான் எளிதில் தொடாது. வெளிறிய வெள்ளைப் பகுதியையும், மராமத்தில் சேர்த்த மட்ட மரத்தையும்தான் தின்னும். புதிதாக அடித்த ரீப்பர் தின்னப்பட்டு, தொண்ணூறு ஆண்டுத் தேக்கு அப்படியே நிற்பது இதனால்தான்.

சுவர்

செட்டிநாட்டுச் சுவரின் பூச்சைப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளங்கையை வையுங்கள். வெயில் நேரத்திலும் சில்லென்று, பீங்கானைத் தொட்டது போல இருக்கும். முட்டைப் பூச்சு என்று சொல்வார்கள். வாரக்கணக்கில் ஊறிய சுண்ணாம்பு 1 பங்குக்கு மணல் 2 முதல் 3 பங்கு சேர்த்து முதல் பூச்சு. கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரில் அதைக் குழைப்பார்கள். அடுத்தடுத்த பூச்சுக்கு மணல் சன்னமாகிக்கொண்டே போகும், கனமும் குறையும். கடைசிப் பூச்சு ஒரு நூல் கனம்கூட இராது. கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் போல அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, ஈரம் வற்றுவதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் விடாமல் தேய்ப்பார்கள். பளபளப்பு அந்தத் தேய்ப்பில் வருவது, மேலே பூசிய வார்னிஷ் அல்ல. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால், கல் போய் வந்த மெல்லிய வளைகோடுகள் கண்ணாடி மேல் மூச்சுப் பட்டது போலத் தெரியும். அந்தக் கோடு தெரிந்தால் கை வேலைப் பூச்சு அசலாக இருக்கிறது.

அதே டார்ச் வெளிச்சத்தில் சுவரின் அடியில் 3 அடி உயரம் வரை பாருங்கள். உப்புப் பூத்திருக்கிறதா, பூச்சு செதில் செதிலாக உதிர்கிறதா? தரை ஈரம் சுவரில் ஏறுகிறது. இதற்கு வழக்கமாகச் செய்யும் வைத்தியம்தான் நோயைப் பெரிதாக்குகிறது. உதிர்ந்த இடத்தைச் செதுக்கிவிட்டு 3 அடிக்குச் சிமென்ட் பூசிவிடுவார்கள். சுண்ணாம்புச் சுவர் வழியே ஈரம் மூச்சு விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. சிமென்ட் அதை அடைத்ததும், ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமென்ட் முடிகிற கோட்டுக்கு மேலே உப்பைக் கக்கும். அடுத்த மராமத்தில் சிமென்ட் 5 அடி ஆகும். முட்டைப் பூச்சை இப்படித்தான் அடி அடியாக இழந்திருக்கிறோம். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்த சுவரும் அதே கதை, தோல் உரிவது போலப் பட்டையாக உரியும். சரியான வழி மெதுவானது: சிமென்டைத் தட்டி எடுத்து, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, உப்பைப் பிரஷால் தட்டி வாரி, சுண்ணாம்பிலேயே பூசி, குறைந்தது ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டுக் காக்க வேண்டும்.

சுவரும் கூரையும் சேரும் இடத்தில் அச்சு வைத்துத் தீட்டிய பூங்கொடிப் பட்டையும், சில வீடுகளில் புராணக் காட்சிகளும் இருக்கும். வெள்ளையடித்து மூடிய சுவராக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு அங்குலச் சதுரத்தில் அடுக்கடுக்காகச் சுரண்டினால் எந்த நிறத்துக்கு மேல் எந்த நிறம் என்று தெரியும். ஓர் அறைக்கு ஒரு சதுரம் போதும். கதவு ஜன்னலின் பழைய எண்ணெய்ப் பெயின்டை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் உண்டு, தூசி உடம்புக்குள் போகும்.

தரையும் ஓடுகளும்

ஆத்தங்குடிக் கல்லும் ஜப்பான் ஓடும் ஒன்றென்று நினைத்து எழுதுகிறவர்கள் பலர். கையில் எடுத்துப் பார்த்தால் குழப்பமே வராது. ஆத்தங்குடிக் கல் சுட்டது அல்ல. கண்ணாடித் தட்டின் மேல் உலோக அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்ட் குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சை எடுத்து, மேலே உலர்ந்த மணல் சிமென்ட் தூவி, பின்னால் சாந்து நிரப்பி, தண்ணீரில் நாள் கணக்கில் ஊறவைத்துக் காயவைப்பது. முகம் கண்ணாடியில் பட்டு உருவானதால் மினுமினுப்பு தானாக வந்துவிடுகிறது. உடைந்த துண்டின் ஓரத்தைப் பாருங்கள்: மேலே சில மில்லிமீட்டர் நிறம், கீழே சாம்பல் சாந்து, மொத்தம் முக்கால் அங்குலம். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் மெல்ல உறிஞ்சிக் கறுக்கும்.

ஜப்பான் மஜோலிகா ஓடு சுவருக்கு உரியது. 6 அங்குலச் சதுரம், மெல்லியது, வெண்மையான சுட்ட மண், மேலே புடைப்பு வேலையும் கண்ணாடிப் பூச்சும். புடைப்பின் பள்ளத்தில் பச்சையும் கருஞ்சிவப்பும் ஆழமாகத் தேங்கி நிற்கும், மேட்டில் வெளிறும். பூச்சில் வலை போன்ற நுண்விரிசல் இருக்கும், அது சேதமல்ல, வயது. விழுந்து கிடக்கும் ஓட்டைத் திருப்பினால் முதுகில் ‘மேட் இன் ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் அச்சு இருக்கும். 1910களிலிருந்து 1930கள் வரை இந்தியாவுக்கு வந்து குவிந்த சரக்கு. முதல் உலகப் போரில் இங்கிலாந்துச் சரக்கு தடைப்பட்ட இடத்தைப் பிடித்தது. முத்திரை பார்க்கலாம் என்று சுவரிலிருந்து ஒன்றைக்கூடப் பெயர்க்காதீர்கள். சாந்து வராது, ஓடுதான் நொறுங்கும். கீழே விழுந்ததை வைத்துப் படிப்பதே போதும்.

ஆத்தங்குடித் தரைக்கும், இத்தாலியப் பளிங்குக்கும் ஒரே எதிரி ஆசிட். கறை போக வேண்டும் என்று கழிவறை ஆசிட்டை ஊற்றினால் சிமென்ட் முகமும் பளிங்கு முகமும் வெந்துபோகும், அந்த மினுமினுப்பு திரும்ப வராது. வௌவால் எச்சத்தை ஊறவைத்து, மர அகப்பை போன்ற மழுங்கலான ஒன்றால் சுரண்டி, வெறும் தண்ணீரில் பல முறை துடைக்க வேண்டும். காய்ந்த பிறகு ஆத்தங்குடிக் கல்லுக்குத் துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய். மிச்சத்தை நடக்கிற கால் பார்த்துக்கொள்ளும்.

தூண் எதனால் ஆனது, இரும்பு எங்கிருந்து வந்தது

சலவைக்கல் போலத் தெரியும் தூண் செங்கல்லும் சுண்ணாம்புமாக இருக்கும், மரம் போலப் பெயின்ட் அடித்தது வார்ப்பிரும்பாக இருக்கும். காந்தம் இங்கேதான் உதவும். மரத் தூணின் பளபளப்பு எதுவென்று அறிய, பின்பக்கம் மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஒற்றுங்கள். பஞ்சில் பழுப்பு ஒட்டினால் அரக்குப் பாலிஷ், பழைய வேலையாக இருக்கலாம், ஸ்பிரிட்டிலேயே பாலிஷ்காரர் புதுப்பித்துவிடலாம். ஒட்டாவிட்டால் பிற்கால வார்னிஷ்.

மாடிக்குக் கீழே உள்ள இரும்பு உத்திரங்களின் நடுப்பட்டையில் எழுத்து உருட்டியிருப்பார்கள். டோர்மன் லாங், மிடில்ஸ்பரோ என்று இருந்தால் இங்கிலாந்துச் சரக்கு. டாடா என்று இருந்தால் ஜாம்ஷெட்பூர். பெயின்ட் அடுக்கில் மறைந்திருக்கும் எழுத்தை, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கலாம்.

1930களின் பிற்பாதி வீடுகளில் கைவளம் மாறுகிறது. கொரிந்தியத் தூண் தலைப்பும் பூவேலைச் சுதையும் குறைந்து, மூலை வளைந்த பால்கனி, கிடையாக ஓடும் பட்டைக் கோடுகள், உதயசூரியன் வடிவ இரும்புக் கிராதி, படிப்படியாக உயரும் முகப்பு என்று ஆர்ட் டெகோ என்ற கட்டடப் பாணி நுழைகிறது. கானாடுகாத்தானில் ஒரு தந்தை மகளுக்காகக் கட்டிய, இப்போது தங்கும் விடுதியாக நடக்கும் விசாலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆத்தங்குடிப் பெரிய வீடு அதற்குச் சற்று முந்திய சுவை. பூட்டிய வீட்டுக்குள் போவதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. பராமரித்த நிலையில் ஒரு தூணும் பூச்சும் எப்படி இருக்கும் என்று கண் பழகிவிட்டால், பூட்டிய வீட்டில் எது போய்விட்டது என்பது தானே தெரியும்.

ஆர்ட் டெகோ வீட்டின் ஆபத்து கான்கிரீட். அன்றைய சன்ஷேடிலும் வளைவுப் பால்கனியிலும் கம்பிக்கு மேல் அரை அங்குலம்கூட மூடல் இராது. கம்பி துருப்பிடித்தால் பல மடங்கு உப்பும், கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளும். அடியில் நேர்கோட்டில் விரிசலும் பழுப்புக் கறையும் கண்டால் அதன் கீழே நிற்க வேண்டாம், மேலே போகவும் வேண்டாம்.

மின்சார வேலை அழகாக மிஞ்சியிருக்கும். மரக் கேசிங், பீங்கான் கவ்வி, வட்டத் தேக்குக் கட்டையில் பதித்த பித்தளை மூடி சுவிட்ச். உள்ளே ரப்பர் உறையிட்ட வயர். தொட்டால் பொடியாக உதிரும். ‘எரிகிறதா பார்ப்போம்’ என்று மின் இணைப்புக் கொடுப்பது வீட்டையே எரிக்கும் வேலை. பழைய சுவிட்சுகளை இடத்தில் விட்டுவிட்டு, புது வயரைத் தனி வழியில் கொண்டுபோவதே முறை. பழைய விசிறியின் பெயர்த்தகட்டில் டி.சி. என்று இருந்தால் இன்றைய மின்சாரத்தில் போட்டதும் சுருள் புகைந்துவிடும்.

காகிதம், சாமான், சந்தை

பெட்டகத்தைத் திறந்தால் பேரேடு, வட்டிக் கணக்கு, மொய் ஏடு, இசைகுடிமானம் (நகரத்தார் திருமண ஒப்பந்தம்) எழுதிய ஓலையும் தாளும் கிடைக்கும். வெளியே எடுத்து வெயிலில் உதறாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். கிடந்த வரிசையைப் படமெடுத்து, பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல் வையுங்கள். குடும்பம் ஒப்புக்கொண்டால் நூலகத்துக்குக் கொடுக்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகமும் தாளும்தான் இன்று சென்னையில் அவர் பெயரால் ஆய்வு நூலகமாக நிற்கின்றன.

படமெடுப்பதில் ஒழுங்கு வேண்டும். முகப்பிலிருந்து வலஞ்சுழியாக அறைகளுக்கு எண் கொடுத்து, அந்த எண்ணைக் காகிதச் சீட்டில் எழுதிக் கதவில் தொங்கவிடுங்கள். சுவரில் எழுதக் கூடாது. ஒவ்வொரு அறைக்கும் நாலு சுவர், தரை, விதானம், ஆக ஆறு படம். பிறகு கதவின் கீல், நாதாங்கி, தாழ்ப்பாள், குமிழ் என்று கிட்டத்தில். பித்தளைச் சாமான்தான் முதலில் காணாமல் போகும், அடுத்து கண்ணாடி, அதன் பின் கதவு. கடைசியில் தூண். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் எனாமல் தட்டும் நிலையும் போதிகையும் விற்பனைக்கு நிற்பதைப் பார்க்கும்போது, எந்த வளவில் எந்த மூலையில் நின்ற தூண் இது என்று சொல்ல ஒரு தாள்கூட இல்லையே என்பதுதான் மனதை உறுத்துகிறது. பங்காளிகள் பிரித்து விற்பது அவர்கள் உரிமை. விற்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி அளந்து படமெடுத்துவைத்தால் வீட்டின் நினைவாவது முழுசாக மிஞ்சும். வாங்குகிறவர்களுக்கும் ஒரு செய்தி: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளையும் எழுபத்தைந்து ஆண்டு கடந்த கையெழுத்துச் சுவடியையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1920களின் முதற்பாதி வீட்டுச் சாமானெல்லாம் இப்போது நூறைத் தாண்டிவிட்டது.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். முற்றத்துச் சருகை வாரி, துளைக்குள் ஒரு மூங்கில் குச்சியை விட்டுக் குத்தி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, தெருப்பக்கம் போய் அது வெளியே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் துளையின் வாயில் எலி நுழையாதபடி ஒரு கம்பி வலையை வளைத்துச் செருகுங்கள். மேல் ஜன்னல்களில் இரண்டையாவது, வௌவால் புகாத வலை அடித்து, திறந்தபடி விட்டுவிடச் சொல்லுங்கள். அடைத்த வீட்டில்தான் சுவர் புழுங்கும். சாவியைத் தரும்போது அடுத்த பெருமழைக்கு மறுநாள் கதவைத் திறந்து அந்தத் துளையை மட்டும் பார்க்கச் சொல்லி, பார்த்துக்கொள்கிறவரின் கையில் அதற்கான கூலியையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.